பரம்பரையாக வந்த பழைய துப்பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பழைய மிராசு, ஜமீன், எஸ்டேட் குடும்பங்களிலும் மலையடிவாரத்து விவசாயிகள் வீடுகளிலும் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலானவை சுட்டே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பெரியவர் காலமான பிறகு பீரோவைத் திறந்து பார்க்கும் பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றுக்கான பதில்கள் இவை.

பீரோவில் துப்பாக்கி கிடைத்தது. முதலில் என்ன செய்வது?

உள்ளே தோட்டா இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கையாளுங்கள். குழலின் வாய் யார் பக்கமும் திரும்பக் கூடாது; விசையிலும் குதிரையிலும் (தோட்டாவைத் தட்டும் சுத்தி) விரல் படக் கூடாது. பிடிக்கு மேலே உள்ள நெம்பை வலப்பக்கம் தள்ளினால் குழல் கீழே மடங்கும். தோட்டா உட்காரும் இரண்டு அறைகளையும் கண்ணால் பாருங்கள். துரு ஏறி நெம்பு நகரவில்லை என்றால் பலம் கொடுக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள்.

குழல் மடங்காமல், வாய் வழியாக மருந்து இடிக்கும் பழைய வகை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் காலத்தில் அவற்றைக் கெட்டித்தபடியே சுவரில் மாட்டி வைப்பது வழக்கம். ஈரம் படாத கருமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். சோதிக்க ஒரு மெல்லிய மரக்குச்சி போதும். பக்கவாட்டில் நின்று, குழலுக்குள் அது முட்டும் வரை மெதுவாக இறக்கி, வாய் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு குச்சியை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் மேல் ஒட்டி வையுங்கள். குச்சியின் மறுநுனி, கேப்பு (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) வைக்கும் காம்பு வரை வர வேண்டும். மூன்று நான்கு விரற்கடைக்கு முன்பே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் ரவையும் இருக்கின்றன என்று பொருள். அதை நீங்களே தோண்டி எடுக்க முயலாதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் இதைக் கழற்றத் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் காலமாகிவிட்டார். துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருக்கலாமா?

கூடாது. லைசென்ஸ் அவரோடு முடிந்துவிடுகிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி, வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் நீங்கினாலும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் போய்விடும் என்று பலர் பயந்து மறைத்து வைக்கிறார்கள். உண்மையில் ஒப்படைத்த ரசீதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. உரிய காலத்துக்குள் லைசென்ஸ் பெற்றால் திரும்ப வாங்கும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

வாரிசுக்கு லைசென்ஸ் தருவதற்கு 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் 25-வது விதி இருக்கிறது. மாவட்டங்களில் ஆட்சியரிடமும் சென்னை போன்ற காவல் ஆணையர் உள்ள நகரங்களில் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைப் பத்திரம், பழைய லைசென்ஸ் புத்தகம், ஒப்படைத்த ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உடல், மன நலச் சான்றிதழும் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் தேவைப்படும். அண்ணன் தம்பிகளுக்குள் யார் பெயரில் என்று பேசி முடிக்காததால்தான் பெரும்பாலான மனுக்கள் கிடப்பில் விழுகின்றன. முதலில் அதை முடியுங்கள்.

இதே விதியில் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை அவர் 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தாம் உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசின் பெயரைச் சொல்லி மாற்ற விண்ணப்பிக்கலாம். பெரியவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவதுதான் நல்லது.

வீட்டில் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன. மூன்றையும் என் பெயருக்கு மாற்ற முடியுமா?

முடியாது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் ஒருவருக்கு மூன்று என்ற வரம்பை இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்தவற்றுக்கும் அதே வரம்புதான் என்று சட்டமே தனியாகச் சொல்கிறது. மூன்றாவதை இன்னொரு வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதே திருத்தம் லைசென்ஸ் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்த்தியது.

நூறு வருடப் பழசு. இதற்குமா லைசென்ஸ்?

ஆம். வயது மட்டும் விலக்கு தராது. சட்டத்தின் 45-வது பிரிவு, வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதத்துக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் அது பழுது பார்த்தால்கூடச் சுட முடியாத நிலையில் இருக்க வேண்டும். ஒரு காம்பையும் ஒரு வில்லையும் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். அந்த முடிவை எடுக்க வேண்டியது அதிகாரி, நாம் அல்ல.

லேத் பட்டறையில் கொடுத்துக் குழலை அடைத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

தீராது, கூடும். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றுவதற்குமே தனி லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரரும் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். வெல்டிங் வைத்த சூட்டில் குழலின் வேலைப்பாடு கருகிப் போவது தனிக் கதை.

லைசென்ஸ் புத்தகத்தில் டிபிபிஎல், 12 போர் என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால்?

டிபிபிஎல் என்றால் பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல். எஸ்பிபிஎல் அதில் ஒற்றைக்குழல். எஸ்பிஎம்எல் என்றால் வாய் வழியாக மருந்து இடிக்கும் ஒற்றைக்குழல். பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த வகை.

போர் என்பது குழலின் அளவு; அதன் கணக்கு சுவையானது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஒன்று 37.8 கிராம் இருக்கும்; அந்த உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். அகலம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 16 உருண்டை வார்த்தால் 16 போர். எண் கூடக் கூடக் குழல் சிறிதாவது இதனால்தான்.

ரைஃபிள் என்றால் அளவைப் பார்த்துவிடுங்கள். .303 தடை செய்யப்பட்ட அளவு. அதை வாரிசுரிமையில் வைத்துக்கொள்வது சாதாரண லைசென்ஸ் விவகாரம் அல்ல. ராணுவ அளவுகளைத் தனியாருக்குத் தருவதில்லை என்பதால்தான் இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை .315 அளவில் வேட்டை ரைஃபிள் செய்து விற்றது.

சுடாத துப்பாக்கிக்கு இவ்வளவு பாடு எதற்கு? அதில் என்ன இருக்கிறது?

பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801-ல் ஆங்கிலேயக் கம்பெனி தென்தமிழ்நாட்டில் ஆயுதங்களைப் பறித்தது. 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பெரும்பாலான இந்தியர்களை லைசென்ஸுக்குள் கொண்டுவந்தது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. எனவே ஒரு தமிழ்க் குடும்பத்திடம் அக்காலத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது என்றால், யாரோ ஒரு முன்னோர் கலெக்டர் கச்சேரிக்கு நடையாய் நடந்து அதற்கு உரிமை வாங்கியிருக்கிறார். அது எதற்குப் பயன்பட்டது என்பதும் ஒரு காலத்தோடு முடிந்துபோனது: 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை படிப்படியாக நின்றது. சுடுவதற்கான பொருளாக அதன் வாழ்க்கை அங்கே நின்றுவிட்டது. ஆவணமாக அது இன்னும் பேசுகிறது.

கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். கட்டையில் கன்னம் பதியும் இடம் மட்டும் வழுவழுவென்று கறுத்திருக்கும். பிடியில் சொரசொரப்புக்காக வெட்டிய கட்டங்கள் ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் கூராக இருக்கும். விசைக்காப்பின் கருநீலம் விரல் பட்ட இடத்தில் மட்டும் வெளுத்திருக்கும். அந்த மனிதர் எந்தத் தோளில் வைத்துச் சுட்டார், எத்தனை காலம் தூக்கி நடந்தார் என்பது அங்கே பதிந்திருக்கிறது. பாலிஷ் போட்டால் போவது இதுதான். அதனால்தான் பழைய மேற்பரப்பைத் 'தொடாதீர்கள்' என்று சொல்கிறோம்.

யார் செய்தது, எப்போது செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குழலின் மேல் பொறித்திருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். 'ஓக்ஸ் அண்டு கோ, மெட்ராஸ்', 'பி. ஓர் அண்டு சன்ஸ், மெட்ராஸ்', 'மேன்டன், கல்கத்தா', 'ரோடா, கல்கத்தா' போன்றவை பெரும்பாலும் விற்ற கடையின் பெயர்கள். துப்பாக்கியைப் பர்மிங்காமில் யாரோ ஒரு தொழிலாளி செய்து, இங்குள்ள கடையின் பெயரைப் பொறித்து அனுப்பியிருப்பார். கடைப் பெயருக்கும் தனி வரலாறு உண்டு. அந்த ரோடா கம்பெனிக்கு வந்த 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும்தான் 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் கல்கத்தா தெருவிலேயே கடத்தினார்கள்.

உண்மையான பிறப்புச் சான்று குழலின் அடியில் இருக்கிறது. முன்கட்டையை (குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் மரம்) கழற்றி, குழலை மடக்கித் தூக்கினால் அது தனியாக வரும். அறைக்குக் கீழே தட்டையான இரண்டு பரப்புகள் தெரியும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முத்திரைகள் தெளிவில்லை என்றால் மெல்லிய தாளை வைத்து மேலே பென்சிலை லேசாகத் தேயுங்கள். காசின் மேல் தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். முத்திரை தாளில் வந்துவிடும்.

கிரீடத்துக்குக் கீழே குறுக்கிட்ட இரண்டு செங்கோல்கள் இருந்தால் 1904-க்கு முந்தைய பர்மிங்காம். கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் 1904 முதல் 1954 வரையிலான பர்மிங்காம். ஜி, பி என்ற எழுத்துகள் பின்னிக் கிடந்து மேலே கிரீடம் இருந்தால் லண்டன். அங்கே புகையில்லா மருந்துக்குச் சோதித்ததற்கு அடையாளமாகக் கவசம் பூண்ட ஒரு கை வளைந்த வாளைத் தூக்கியிருக்கும். முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்றிருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். முட்டையின் தலையில் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. சாய்சதுரத்துக்குள் 12, அதன் கீழ் சி என்பது அறையின் அளவு. தனியாக இருக்கும் 12 அல்லது 13 என்பது குழலின் உள் அகலம். 12 போர் துப்பாக்கியில் 13 என்று இருந்தால் தவறில்லை, குழல் கொஞ்சம் இறுக்கமானது, அவ்வளவே.

வரிசை எண் மூன்று இடங்களில் இருக்கும்: விசைக்காப்பின் வாலில், குழலின் அடியில், முன்கட்டையின் இரும்பில். மூன்றும் ஒன்றாக இருந்தால் துப்பாக்கி பிறந்தபடியே இருக்கிறது. பர்டி, ஹாலண்ட் அண்டு ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற பெரிய பெயர்கள் என்றால் பழைய பேரேடுகள் அவர்களிடம் இருக்கின்றன. வரிசை எண்ணைச் சொல்லிக் கேட்டால் யார் ஆர்டர் கொடுத்தார், எந்த ஆண்டு என்பதுவரை கிடைக்கலாம்.

குழல் முழுவதும் பாம்புத்தோல் போலக் கோடுகள் இருக்கின்றன. இது என்ன?

டமாஸ்கஸ் குழல். இரும்பு, எஃகுக் கம்பிகளை முறுக்கி நாடாவாக்கி, உருளையின் மேல் கயிறு சுற்றுவது போலச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்துப் பற்றவைப்பார்கள். அமிலத்தில் நனைத்தால் இரும்பும் எஃகும் வேறு வேறு நிறமாகிக் கோலம் வெளிப்படும். இதற்கான குழல்களில் பெரும்பகுதி லியேஜுக்குப் பக்கத்து ஆற்றுப் பள்ளத்தாக்குக் கிராமங்களில் அடிக்கப்பட்டவை. நம் ஊர் உருக்கில் செய்த டமாஸ்கஸ் வாளோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாளின் கோலம் உருக்கு உறையும்போது தானாக விளைவது; குழலின் கோலம் கொல்லர் முறுக்கியது. வெறும் எஃகுக் குழலின் மேல் கோலத்தை அச்சடித்த மலிவுச் சரக்கும் உண்டு. குழலின் அடித்தட்டையிலும் கோலம் தொடர்ந்தால் அசல்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. சுடலாமா?

டமாஸ்கஸ் குழல் என்றால் வேண்டாம். கருமருந்துக்காகச் செய்யப்பட்ட அதில் முறுக்கின் இணைப்புகளுக்கு இடையே துரு உள்ளே போயிருக்கும்; வெளியே தெரியாது. பழைய கேப்புகளில் இருந்த உப்பு ஈரத்தை இழுத்து, அறைக்கு முன்னால் குழிகள் விழ வைத்திருக்கும். வெடித்தால் இடது கை இருக்கும் இடம் அதுதான்.

எஃகுக் குழல் என்றாலும் மூன்று விஷயங்களை லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் பார்த்த பிறகே முடிவெடுங்கள். ஒன்று, அறையின் நீளம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குல, கடை வழக்கில் 65 மி.மீ. தோட்டாவுக்கானவை. 70 மி.மீ. தோட்டாவும் அதில் தடையில்லாமல் நுழையும். தோட்டாவின் மடித்த வாய், வெடிக்கும்போது விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் அடைக்கும், அழுத்தம் எகிறும். நுழைந்துவிட்டதே என்று ஏமாறுவது இங்கேதான். இரண்டு, மூட்டு. முன்கட்டையைக் கழற்றிவிட்டு மூடிய துப்பாக்கியை அசைத்தால் குழல் ஆடக் கூடாது. பின்முகத்தில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. மூன்று, குழல்களை இணைக்கும் பட்டை. குழலை மட்டும் விரலில் தொங்கவிட்டு மரத்துண்டால் தட்டுங்கள். கோயில் மணி போல ஒலி நீண்டால் பற்றவைப்பு நன்றாக இருக்கிறது. உடைந்த பானை போலக் கரகரத்தால் பட்டை விட்டிருக்கிறது.

கூடவே கிடைத்த பழைய தோட்டாக்கள்?

காகித உறைத் தோட்டாக்கள் நம் ஊர் ஈரத்தில் உப்பிப்போயிருக்கும். சுடவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம், வெட்டிப் பார்க்கவும் வேண்டாம். துப்பாக்கியோடு எண்ணிக்கை எழுதி ஒப்படையுங்கள். தோட்டாவுக்கும் லைசென்ஸ் தேவை.

எப்படித் துடைப்பது, எங்கே வைப்பது?

கைச்சுவடுதான் முதல் எதிரி. வியர்வை உப்பு பட்ட இடத்தில் இரண்டே நாளில் ரேகையின் வடிவத்திலேயே துரு பூக்கும். தொட்டதும் துடையுங்கள். பழைய பருத்தித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் நான்கைந்து சொட்டு விட்டுப் பிசைந்து, அந்தத் துணியால் இரும்பு முழுவதையும் ஒற்றினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது காறிப்போய்ப் புளிக்கும்; பிசினாகி உள்வில்களை ஒட்டவைக்கும். எண்ணெய் அதிகமானாலும் கெடுதல்: பூட்டு வழியாக இறங்கிக் கட்டையின் தலைப்பகுதி ஊறி, வால்நட் மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். அதனால் குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்.

புளி, எலுமிச்சை, உப்புத்தாள், கம்பி பிரஷ் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பழைய குழலின் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. செய்தவர்கள் நாள் கணக்கில் துருவேற்றித் துருவேற்றித் தேய்த்து வரவழைத்த நிறம் அது. விரலில் ஒட்டும் செந்துரு மட்டும்தான் போக வேண்டும். எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, செம்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகைக் கீறாது. கருமை ஏற்றித் தருகிறேன் என்று கொதிக்கும் உப்புக் கரைசலில் முக்குபவர்களிடம் இரட்டைக்குழலைத் தரவே கூடாது. பட்டையைப் பிடித்திருக்கும் ஈயப் பற்றை அந்தக் கரைசல் தின்றுவிடும்.

தோல் உறையிலும் வெல்வெட் பெட்டியிலும் நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட அமிலம் இரும்பை அரிக்கும். பூட்டிய இரும்பு அலமாரியில், அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் திரும்பப் பயன்படும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை பாருங்கள்; கடலோர ஊர் என்றால் வருடம் முழுவதும். வெற்றுத் துப்பாக்கியின் விசையை இழுத்து விளையாடினால் ஊசியின் நுனி உடையும். வில்லைத் தளர்த்த வேண்டுமென்றால் இரண்டு அறையிலும் போலித் தோட்டா போட்டுத்தான் இழுக்க வேண்டும்.

ஆயுத பூஜையில் வைத்துப் பொட்டு வைப்பது குடும்ப வழக்கம். செய்யலாமா?

வழக்கத்தை விட வேண்டாம், பொட்டு வைக்கும் இடத்தை மாற்றுங்கள். குழைத்த சந்தனம் ஈரத்தை இரும்போடு ஒட்டிப் பிடித்து வைக்கும். விபூதியில் காரம், குங்குமத்தில் சுண்ணாம்பு. சரஸ்வதி பூஜை அன்று வைத்தவற்றை விஜயதசமி காலையில்தான் எடுப்போம். அந்த ஓர் இரவு போதும், காசளவு வட்டமாகக் கறை விழ. பல பழைய குழல்களில் ஒரே இடத்தில் மூன்று கறைகள் வரிசையாக இருப்பது இதனால்தான். துப்பாக்கிக்கு அடியில் பலகை வைத்து, பொட்டையும் பூவையும் பலகைக்கு வையுங்கள். எலுமிச்சம்பழம் இரும்பின் மேல் படக் கூடாது.

குடகில் கொடவர்கள் செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போள்து நாளில் துப்பாக்கியைப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். அவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு, இப்போது 2029 அக்டோபர் வரை. அந்த விலக்கு குடகைத் தாண்டி நம் யாருக்கும் பொருந்தாது. திருவிழாவிலும் கல்யாணத்திலும் வானத்தை நோக்கிச் சுடுவது 2019 முதல் தனிக் குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். திரும்ப வரும்போது துரு ஏறியிருக்கிறதே?

இரண்டு மாதம் காவல் நிலைய அறையில் வெறும் இரும்பாக நின்றால் அப்படித்தான் ஆகும். கொடுப்பதற்கு முன் குழலின் உள்ளும் புறமும் மெல்லிதாகக் கிரீஸ் தடவுங்கள். துணி உறையில் போட்டுத் தராதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சும். வரிசை எண் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுங்கள். ரசீதில் செய்தவர் பெயர், எண், போர், கட்டையில் ஏற்கெனவே உள்ள விரிசல் எல்லாம் எழுதச் சொல்லி வாங்குங்கள். 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்கிவராதீர்கள்.

வைத்துக்கொள்ள முடியாது. விற்கலாமா, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாமா?

லைசென்ஸ் உள்ளவருக்கோ கடைக்கோ, அதிகாரியின் அனுமதியோடு விற்கலாம். 1980-களில் இறக்குமதி நின்றதிலிருந்து நல்ல ஆங்கிலேயத் துப்பாக்கிகளுக்கு இங்கே மதிப்பு அதிகம். எடைக்குக் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளை 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. மிக அரிய துப்பாக்கி என்றால் அருங்காட்சியகத்தை அணுகிப் பாருங்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதால்தான் நாம் பார்க்க முடிகிறது.

துப்பாக்கியோடு வேறு எதைப் பத்திரப்படுத்த வேண்டும்?

பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிய கடை லேபிள், துடைக்கும் கோல், எண்ணெய்ப் புட்டி, வாங்கிய ரசீது எதையும் பிரிக்காதீர்கள். தாத்தா துப்பாக்கியோடு நிற்கும் படம் இருந்தால் அதன் பின்பக்கத்தில் ஊரும் ஆண்டும் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் யாரிடமிருந்து வந்தது, என்ன விலை, எந்தக் காட்டில் பயன்பட்டது என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு குறித்துவையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பழைய லைசென்ஸ் புத்தகம். புதியது வந்ததும் கிழித்துப் போடுபவர்கள் உண்டு. அலுவலகத்தில் அசலைக் கேட்டால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கலெக்டர் காலத்தில் புதுப்பித்தது, எந்த எல்லைக்குள் கொண்டுபோக அனுமதி, எந்தத் தேதியில் எத்தனை தோட்டா வாங்கினார் என்பதெல்லாம் கடைக்காரர் கையெழுத்தோடு அதில் வரிசையாக இருக்கும்.